சரங்களை நிரப்புதல்: ஜாவாஸ்கிரிப்ட் எதை எண்ணுகிறது?

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழியில் ஒரு சரத்தை (எழுத்துகளும் குறிகளும் வரிசையாக அமைந்த தொடரை) விரும்பிய தடவை அடுக்கித் தரும் 'ரிப்பீட்' செயற்கூறு 2015ஆம் ஆண்டுத் தரவரையறையில் இடம்பெற்றது. சரத்தின் முன்னும் பின்னும் நிரப்பும் 'பேட்ஸ்டார்ட்', 'பேட்எண்ட்' ஆகிய இரண்டும் 2017இல் வந்தன. அதற்கு முன்பு நிரலாளர்கள் தாங்களே எழுதிய சிறு நிரல்களையோ பிறர் எழுதியவற்றையோ நம்பியிருந்தார்கள். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்பேட்' என்னும் 11 வரி நிரல் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களின் உருவாக்கப் பணி உலகெங்கும் தடைப்பட்டது.

அடுக்குவதில் ஓர் அழகான கணக்கு உண்டு. ஒரு சரத்தை 100 தடவை அடுக்க, ஒவ்வொன்றாக 99 முறை ஒட்ட வேண்டியதில்லை. இரட்டித்துக்கொண்டே போனால் ஆறே ஒட்டில் 64 கிடைத்துவிடும். வழியில் கிடைத்த 32ஐயும் 4ஐயும் அதனுடன் சேர்த்தால், மொத்தம் எட்டே ஒட்டுகளில் வேலை முடிகிறது.

நிரப்புதலுக்கு இரண்டு செய்திகள் வேண்டும்: எட்ட வேண்டிய நீளம், நிரப்பும் குறி. 7 என்னும் சரத்துக்கு நீளம் 3, குறி 0 என்று கொடுத்தால் 007 வரும். மூலச்சரம் ஏற்கெனவே அந்த நீளத்தை எட்டியிருந்தால் அது வெட்டப்படாமல் அப்படியே திரும்பும். நிரப்பும் குறி எதுவெனச் சொல்லாவிட்டால் வெற்றிடம் நிரப்பப்படும்.

இவ்வளவும் நீளம் என்ற ஒன்றையே நம்பி நிற்கின்றன. தமிழில் சிக்கல் எழுவதும் அங்கேதான். நாம் எழுத்தை எண்ணுகிறோம்; ஜாவாஸ்கிரிப்டோ, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையின் அலகுகளை எண்ணுகிறது. 'அவல்' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, வ, ல, அதன் மேலுள்ள புள்ளி என நான்கு அலகுகள். 'இட்லி'யும் மூன்றெழுத்துதான், ஆனால் இ, ட, புள்ளி, ல, இகரக் குறி என ஐந்து அலகுகள். இரண்டையும் 8 என்ற நீளத்துக்குப் புள்ளியிட்டு நிரப்பினால் இப்படி வருகின்றன:

அவல்....
இட்லி...

எழுத்து எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் புள்ளிகள் வேறுபடுகின்றன. பிஎச்பி மொழியின் பழைய நிரப்பும் செயற்கூறோ பைட்டுகளை எண்ணுகிறது. யூனிகோடு அலகுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் அலகும் மூன்று பைட்டு என்பதால், 'இட்லி'க்கு 15 என்று கணக்கிட்டு ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்காது. பன்மொழி எழுத்துகளுக்கான தனிச் செயற்கூறு அம்மொழியில் 2023இல் வெளிவந்த 8.3 பதிப்பில்தான் சேர்ந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்குத் தீர்வு உண்டு. 'இன்டல் செக்மென்டர்' என்னும் கருவி, உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஓர் எழுத்தாகவே எண்ணும். அலகு எண்ணிக்கைக்கும் இந்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கு நீளத்துடன் கூட்டினால் போதும்: 'அவல்' என்பதற்கு 9, 'இட்லி'க்கு 10 என்று கொடுத்தால் இரண்டுக்கும் ஐந்து புள்ளிகள் விழும். ஆனாலும் 'ணை' பிடிக்கும் அகலமும் 'ட' பிடிக்கும் அகலமும் ஒன்றல்ல; ஆகவே வலைப்பக்கத்தில் விலைப்பட்டியலின் பத்திகள் நேராக நிற்க வேண்டுமானால், அந்தப் பொறுப்பைச் சரத்திடம் விடாமல், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் அட்டவணையிடம் கொடுப்பதே சரி என்பேன்.