செல்ஃப் முனகுகிறது, பேட்டரியில் குறையில்லை

சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் டிராக்டரில் சோம்பலாக ஒரு சுற்று சுற்றி, முனகிவிட்டு நின்றுவிடுகிறது. ஹெட்லைட்டோ பளிச்சென்று எரிகிறது. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ். சரி, அப்படியானால் கோளாறு செல்ஃப் மோட்டாரில்தான் என்று அவசரக்காரர் ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

இப்படி ஒரு சிக்கலைக் கொடுத்து, கடிகாரத்தையும் ஓடவிட்டு, பள்ளி மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் போட்டிகள் அமெரிக்காவில் உண்டு. 1928-ல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கப்பட்ட எஃப்எஃப்ஏ என்னும் வேளாண் மாணவர் அமைப்பு, பண்ணை இயந்திரங்களுக்கும் தொழில்நுட்பத்துக்கும் தேசிய அளவில் ஒரு போட்டி நடத்துகிறது. அணிக்கு நான்கு பேர். எழுத்துத் தேர்வு, தனித்தனியே செய்முறை, எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை என்று போகும். டெக்சாஸில் டிராக்டர் பழுதுக்கென்றே தனிப் போட்டி இருக்கிறது. வேண்டுமென்றே கோளாறுகளை ஒளித்து வைத்த டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கை வேகம் இங்கே இரண்டாம்பட்சம்தான். எதை முதலில் அளப்பது என்று தெரியாதவர் நேரத்தைத் தின்றுவிடுவார்.

நம் டிராக்டருக்கு வருவோம். தோட்டத்து ரப்பர் குழாய் நடுவில் மடிந்திருக்கிறது என்று வையுங்கள். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மடிப்புக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். விரலை எடுத்துத் தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் மடிப்பின் வேலை தெரியும். மின்சாரமும் அப்படியே. துருப்பிடித்த இணைப்பு, மின்னோட்டம் இல்லாதபோது முழு வோல்டேஜையும் காட்டி நம்மை ஏமாற்றும்.

ஒரு இணைப்பில் 0.011 ஓம் தடை கூடியிருக்கிறது என்போம். 55 வாட் ஹெட்லைட் இழுப்பது ஏறத்தாழ 4.6 ஆம்பியர். தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் இழப்பு 0.05 வோல்ட். விளக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அதே இணைப்பு 2.2 வோல்ட்டை விழுங்கிவிடும். அங்கே வெப்பமாகப் போவது 440 வாட். இணைப்பு கை சுடும் அளவுக்குக் கொதிப்பதன் காரணம் இதுதான்.

ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே 0.1 ஓமுக்கு மேல் தடை இருக்கும். அந்தச் சத்தத்தில் 0.011 எங்கே கேட்கப் போகிறது? பத்தில் ஒன்பது இழை அறுந்துபோன கேபிள்கூட ஓம்மீட்டரில் ஒழுங்கான பிள்ளையாகத்தான் நிற்கும்.

அதனால் மின் பாரம் ஏற்றி, அதாவது மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போதே அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி டீசலை நிறுத்திவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் மீட்டரைப் படிக்கிறார். முதலில் பேட்டரி: சுற்றும்போது 10.5 வோல்ட், பரவாயில்லை. அடுத்து மீட்டர் ஒயரின் ஒரு முள் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டில், மறுமுள் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். தண்டைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் வைக்கக் கூடாது. தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் பூத்த உப்பு கணக்கிலிருந்து நழுவிவிடும். மீட்டர் காட்டுவது 0.3. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பொதுவாக விட்டுவிடலாம்.

இனி எர்த் பக்கம். பலர் மறந்துவிடும் பக்கம் இது. போன மின்சாரம் திரும்பியும் வர வேண்டுமே! நெகட்டிவ் தண்டிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு அளந்தால் 2.2 வோல்ட். கூட்டிப் பார்த்தால், பேட்டரியின் 10.5-ல் 0.3, 2.2 போக மோட்டாருக்குக் கிடைப்பது வெறும் 8 வோல்ட். பாவம், முனகாமல் என்ன செய்யும்?

அப்புறம் முள்ளை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். தண்டுக்கும் கிளாம்புக்கும் 0.1. கேபிளின் இரு முனைகளுக்கு நடுவே 0.1. கேபிள் முனைக்கும் சேஸிஸ் இரும்புக்கும் இடையில் மட்டும் 2 வோல்ட். போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் ஒரு பூச்சு பெயின்ட். சுரண்டி எடுத்து இறுக்கியதும் அந்த இடத்தில் மீட்டர் 0.05 காட்டுகிறது, செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது.