பயோ அக்யுமுலேஷன்: உயிரித் தேக்கம்

எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தாலும் சரி, கழிவெளியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தாலும் சரி, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில் சீக்கிரமே வந்துவிடும் சொல் 'பயோ அக்யுமுலேஷன்', அதாவது மாசு உயிரினத்தின் உடலுக்குள் சேர்ந்து தங்குவது. பெரும்பாலும் மீனோடு சேர்த்துத்தான் சொல்வார்கள், நாம் சாப்பிடுவது மீன் என்பதால். ஆனால் இந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்க வேண்டுமென்றால் கடல் நத்தைகளைப் பார்ப்பது நல்லது. சங்கு, முள்ளிச் சங்கு, துறைமுகத் தடுப்புக் கற்களில் ஒட்டிக்கிடக்கும் பொடி நத்தைகள் எல்லாமே இதில் அடக்கம். தண்ணீர் கெட்டால் மீன் வேறு பக்கம் நீந்திப் போகப் பார்க்கும். நத்தை எங்கே போகும்?

முதலில் வேர். 'பயோ' என்பது உயிர்வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'பியோஸ்' என்பதிலிருந்து வந்தது. 'அக்யுமுலேஷன்' லத்தீனம், அதன் உள்ளே இருப்பது 'குமுலுஸ்', அதாவது குவியல். வானிலையில் 'குமுலஸ்' என்கிற மேகமும் இதே குவியல்தான், தமிழில் அதற்குத் திரள் முகில் என்று பெயர். ஆக, வேரைப் பின்பற்றிப் போனால் 'உயிரித் திரட்சி', 'உயிரிக் குவிப்பு', 'உயிரியல் சேர்க்கை' என்றெல்லாம் வரும். இவை எல்லாமே புழக்கத்தில் உள்ளவை, எதையும் பிழை என்று தள்ள முடியாது. எனக்கு இவற்றில் உள்ள ஒரே குறை, இவை வரவை மட்டுமே பேசுகின்றன என்பது.

அறிவியலில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருளில் வரவும் உண்டு, செலவும் உண்டு. நீர், உணவு, சேறு என எல்லா வழியிலும் ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் நுழைகிறது. உடல் அதை உடைக்கிறது, வெளியே தள்ளுகிறது. நுழையும் வேகத்துக்கு வெளியேறும் வேகம் ஈடுகொடுக்காதபோது மீந்து நிற்பதுதான் அக்யுமுலேஷன். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியில் தண்ணீர் நிற்பதற்கு மழை மட்டும் காரணம் இல்லை, வடிகிற வழி போதாததும் காரணம் என்று நமக்குத் தெரியும். அதைத் தேக்கம் என்கிறோம். அதே சொல்லை இங்கேயும் வைத்தால் என்ன? உயிரித் தேக்கம். பழைய தமிழில் 'தேக்கெறிதல்' என்றால் வயிறு நிறைந்து ஏப்பம் விடுவது. எனவே உடலோடு இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உறவு உண்டு.

சரி, நத்தைக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூச்சுக்காகச் செவுளின் மேல் ஓடும் நீரிலிருந்து கரைந்த பொருள்கள் மெல்லிய சவ்வைத் தாண்டி ரத்தத்துக்குள் போகின்றன. ஊர்ந்து போகும்போது பாதத்தின் ஈரத்தோல் சேற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது வழி வாய். நத்தையின் நாக்கு அரம்போல இருப்பதால் அதை அரநாக்கு என்பார்கள். பாசி தின்னும் நத்தை அதைக் கொண்டு பாறையைச் சுரண்டும்போது பாசியில் ஏறிய மாசும் சேர்ந்து வருகிறது. முள்ளிச் சங்கு வகையறா இன்னும் ஒரு படி மேலே. அவை சிப்பியின் ஓட்டில் துளை போட்டு உள்ளே இருக்கும் சதையைத் தின்பவை. நாள் முழுக்க நீரை வடிகட்டிய சிப்பி சேர்த்து வைத்த மாசு அப்படியே கைமாறுகிறது. நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரையும் பொருள்கள்தான் இந்த வழிகளிலெல்லாம் அதிகம் தங்கும். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருள், எண்ணெயில் உள்ள பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் எல்லாம் அந்த ரகம்.

வடிகால் எது? சுருள் ஓட்டின் உச்சிப் பக்கம் ஒளிந்திருக்கும் செரிமானச் சுரப்பி. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நத்தைக்கு இது செய்கிறது. சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள் முதலில் அந்நியப் பொருளின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றுகின்றன. அந்த இடத்தில் குளூட்டாதயோன் போன்ற ஒரு மூலக்கூறை வேறு நொதிகள் கோத்துவிடுகின்றன. இப்போது கொழுப்பில் கரைந்தது நீரில் கரையும். செல் சவ்வில் உள்ள புரதப் பம்புகள் அதை வெளியே தள்ளிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் இந்த வேலை பொதுவாக மீன்களில் நடப்பதைவிட மெதுவாகவே நடக்கிறது. அதனால்தான் கடலில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய மெல்லுடலிகளின் சதையைச் சோதிக்கிறார்கள். சிப்பிகளைக் கொண்டு உலகக் கரைகளைக் கண்காணிக்கலாம் என்று கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் முன்வைத்த யோசனை இந்த மந்தத்தையே நம்பியது. மாசைச் சட்டென்று உடைத்துத் தள்ளும் விலங்கு சாட்சி சொல்லாது.

இந்த உடைக்கும் வேலைக்கு ஆங்கில வழக்கில் 'பயோட்ரான்ஸ்ஃபர்மேஷன்' என்று பெயர். இதை 'உயிரிச் சிதைவு' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சிதைவு என்றால் பொருள் ஒழிந்துபோன தொனி வந்துவிடுகிறது. டி.டி.டி. உடலுக்குள் மாறி டி.டி.இ. ஆகிறது, அதுவும் லேசில் போவதில்லை. எண்ணெய்க் கரியில் இருக்கும் பென்சோபைரீன் ஆக்சிஜன் ஏற்றப்பட்ட பிறகுதான் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தான வடிவத்தை அடைகிறது. இங்கே பொருத்தமானது 'திரிபு'. பால் திரிகிறது, சொல் திரிகிறது. நல்லதாகவும் ஆகலாம், கெட்டதாகவும் ஆகலாம். 'உயிர்வழித் திரிபு' என்றால் அந்த இரண்டு வாய்ப்பும் உள்ளே இருக்கும்.

தேக்கமும் திரிபும் மோதிக்கொள்ளும் இடத்தைப் பார்க்க டிரைபியூட்டைல் டின் என்ற தகரச் சேர்மத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசு என்ற ஓட்டுயிரும் ஒட்டாமல் இருக்க 1960களிலிருந்து இதைப் பெயிண்டில் கலந்தார்கள். உடலுக்குள் இது மூன்று கரிமக் கிளைகளை ஒவ்வொன்றாக இழந்து கடைசியில் வெறும் தகரமாகிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு குறையும். ஆனால் நத்தைகளில் இந்த உரித்தல் மிக மெதுவாக நடப்பதால் முதல் வடிவமே தங்கிவிடுகிறது. விளைவு விபரீதம்: பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கிறது. அமெரிக்கக் கரை நத்தை ஒன்றில் இதைக் கண்ட ஸ்மித் என்ற ஆய்வாளர் 1971இல் 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெண்ணின் மேல் ஆண்தன்மை சுமத்தப்படுகிறது என்ற கருத்து. ஐரோப்பியப் பாறை நத்தை ஒன்றுக்கு ஒரு லிட்டர் நீரில் 1 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும். முற்றினால் முட்டை வெளியேறும் வாயே அடைபட்டு இனம் அருகும். பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு இந்தப் பெயிண்டைத் தடுத்தது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்தது. பழைய துறைமுகங்களின் அடிச்சேற்றில் தகரச் சேர்மம் இன்னும் உட்கார்ந்திருக்கும், தூர்வாரும்போது கிளம்பும்.

உலோகங்கள் தனிக் கதை. காட்மியத்தையோ ஈயத்தையோ எந்த நொதியாலும் உடைக்க முடியாது, அவை தனிமங்கள். அதனால் நத்தை அவற்றை முடக்கி வைக்கிறது. கந்தகம் நிறைந்த மெட்டலோதயோனின் என்ற புரதம் காட்மியத்தைப் பற்றிக்கொள்கிறது. வேறு சில உலோகங்கள் செரிமானச் சுரப்பியில் குட்டிக் குட்டித் தாதுமணிகளாக இறுகிவிடுகின்றன. தாமிரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கப் பெரும்பாலான நத்தைகளின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம்தான் இருக்கிறது, ரத்தம் நீலமாவதும் அதனால்தான். ஆகவே தாமிரத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, அளவு மீறிச் சேர்க்கவும் முடியாது.

அளப்பது எப்படி? உடலில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுப்பார்கள். நீர்வழி வரவை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 'பயோகான்சன்ட்ரேஷன்'. 'நீர்வழித் தேக்கம்' எனலாம். ஐரோப்பிய வேதிப்பொருள் விதிகளில் இந்த எண் 2000ஐத் தாண்டினால் அந்தப் பொருள் தேங்கக்கூடியது, 5000ஐத் தாண்டினால் மிக அதிகமாகத் தேங்கக்கூடியது.

'பயோமேக்னிஃபிகேஷன்' வேறு. இரையிலிருந்து இரைகொல்லிக்குப் போகப் போகச் செறிவு ஏறுவது அது. 'படிப்படிப் பெருக்கம்' என்று நான் எழுதுவேன். இரண்டையும் ஒன்றாக எழுதுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பாதரசத்தின் மெத்தில் வடிவம் தேங்கவும் செய்யும், பெருகவும் செய்யும். எண்ணெயின் ஹைட்ரோகார்பன்கள் நத்தையிலும் சிப்பியிலும் தேங்கும், ஆனால் மீன் அவற்றை விரைவாகத் திரித்துவிடுவதால் மேலே போகப் போகப் பெருகுவதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் வந்தது. இவற்றைப் பற்றி எழுதும்போது 'தேக்கம்' என்பது சரி, 'பெருக்கம்' என்பது தவறு.

இன்னொன்று. பாறையிலும் வலையிலும் நத்தையின் ஓட்டிலும் ஒட்டிய தார் உயிரித் தேக்கத்தில் சேராது. அது வெளியே படிந்த கறை. ஓட்டைக் கழற்றி, உள்ளே உள்ள மென்சதையை எடுத்து அளந்தால் கிடைப்பதற்குத்தான் அந்தப் பெயர்.