கத்தரிப்பூவுக்கு ஒரு கட்டை ஸ்ருதி

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பதாவது மாடி வீடு. பால்கனியில் க்ரோ பேக்கில் நான்கு தக்காளி, இரண்டு கத்தரி, ஒரு மிளகாய். கொசுத் தொல்லைக்காக பால்கனி முழுக்க வலை அடித்திருக்கிறார். செடிகள் தளதளவென்று வளர்ந்து பூவாய்ப் பூக்கின்றன. ஆனால் தக்காளியிலும் கத்தரியிலும் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை. காம்பு மஞ்சளித்து, பூவெல்லாம் உதிர்ந்து தரையில் கிடக்கிறது. மிளகாய் மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. "திருஷ்டி என்கிறார் மாமியார். படிகாரம் கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதமாகிறது. உரத்தை மாற்றிப் பார்க்கலாமா சார்?"

உரத்தை மாற்ற வேண்டாம் அம்மா. உங்கள் மிளகாய்ச் செடியே விடை சொல்லிவிட்டது.

மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் இருக்கின்றன. மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் காய், விழாவிட்டால் உதிர்வு, பள்ளியில் படித்ததுதான். வேறுபாடு மகரந்தப்பையில். மிளகாயின் பை காய்ந்த அவரை நெற்று போல நெடுக வெடிக்கும். லேசான காற்று பட்டாலே தூள் கொட்டிவிடும். கத்தரிப்பூ அப்படி இல்லை. ஒன்றைப் பறித்துப் பாருங்கள்: நடுவில் சின்ன வாழைச்சீப்பு போல மஞ்சள் பைகள் நிற்கும். எங்கும் வெடிப்பு கிடையாது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசி குத்தியதுபோல் துளைகள், அவ்வளவுதான். தக்காளியில் பைகளெல்லாம் ஒட்டிக் கூம்பாகி, தூளை உள்ளேயே உதிர்க்கும். தூள் அந்தக் கூம்பின் வாய்வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

ஏன் இந்தப் பூட்டு? இந்தப் பூக்களில் தேன் கிடையாது. வண்டுக்குத் தருவதற்கு மகரந்தம் ஒன்றுதான் உண்டு. அதைத் திறந்த தட்டில் வைத்தால் முதலில் வருகிறவர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அதனால் கோயிலில் திருநீறு கொடுப்பதுபோல, வருகிறவர்க்கெல்லாம் ஒரு சிட்டிகை. உலகில் ஏறக்குறைய 20,000 தாவர இனங்கள் இப்படித் துளைவழி மகரந்தம் தருகின்றன.

திறவுகோல் வண்டிடம் இருக்கிறது. எனக்கு ஆண்டுக்கணக்காக அலுக்காத விஷயம் இது.

அல்சூரில் எங்கள் மொட்டைமாடிக் கத்தரிச் செடிக்குக் காலையில் நீலவரி வண்டு ஒன்று வரும். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும், கூட்டமாக வாழாத தனித்தேனீ அது. பறந்து வரும்போது தாழ்ந்த ஸ்ருதியில் முரலும். பூவில் உட்கார்ந்ததும் ஒரு நொடி மௌனம். பிறகு சட்டென்று உச்சத்தில் ஒரு "ஸ்ஸீங்". கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே, பறக்கிறதா பூவில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

அந்த ஒரு நொடி மௌனத்தில் நடப்பதைக் கவனியுங்கள். தேனீயின் பறக்கும் தசைகள் சிறகோடு நேரடியாக இணைந்தவை அல்ல. மார்புக்கூட்டின் உள்ளே ஒரு கற்றை மேலிருந்து கீழாகவும், இன்னொன்று முன்னிருந்து பின்னாகவும் ஓடுகின்றன. முதலாவது சுருங்கினால் கூடு அமுங்கிச் சிறகு எழும். இரண்டாவது சுருங்கினால் கூடு உப்பிச் சிறகு தாழும். ஒன்று சுருங்கும்போது மற்றது இழுபடுகிறது. இழுபட்டதே அதைச் சுருங்கத் தூண்டிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் நரம்பு கட்டளையிட வேண்டியதில்லை. ஊஞ்சலை அவ்வப்போது தொட்டுவிடுவதுபோல எப்போதாவது ஒரு கட்டளை போதும். நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்பு சாத்தியமாவது இப்படித்தான்.

பூவில் வண்டு என்ன செய்கிறது? பைகளைத் தாடையால் கவ்வி, உடலை வளைத்து அணைத்து, சிறகுகளை முதுகில் மடித்து இயக்கத்திலிருந்து விலக்கிவிடுகிறது. பிறகு அதே தசைகளை முழு வேகத்தில் ஓட்டுகிறது. சில்க் போர்டு சிக்னலில் நியூட்ரலில் நின்றபடி ஆட்டோக்காரர் முறுக்குவாரே, அதுபோல: வண்டி நகராது, உட்கார்ந்திருப்பவரின் பல்லெல்லாம் அதிரும். சிறகின் சுமை இல்லாததால் துடிப்பு இன்னும் வேகமாகிறது. அதனால்தான் ஸ்ருதி ஏறுகிறது. பைக்குள் மகரந்தத் துகள்கள் சுவரில் மோதி மோதித் துள்ளி, துளை வழியே புகைபோல வண்டின் வயிற்றில் பீறிடுகின்றன. வண்டின் உடலில் நேர் மின்னேற்றம் இருப்பதால் தூள் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அந்த உலுக்கலில் கொஞ்சம் அதே பூவின் சூல்முடியிலும் விழும். நமக்குக் காய்!

பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டுக்கும் நீலவரி வண்டுக்கும் தெரியும். ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் ஒரு காலத்தில் ஆட்களே அதிர்வுக் கருவியோடு ஒவ்வொரு தக்காளிக் கொத்தாய்த் தொட்டுக்கொண்டு போனார்கள். 1980களின் கடைசியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பம்பிள் தேனீ என்ற குண்டான, ரோமம் அடர்ந்த தேனீயை வளர்த்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். நம் தென்னாட்டுச் சமவெளியில் பம்பிள் தேனீ கிடையாது.

இங்கே ஓர் ஆதங்கம். 2020இல் தேனீ வளர்ப்புக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் நம் சமையலில் தினமும் விழுகிற தக்காளிக்கும் கத்தரிக்கும் உழைக்கும் காட்டு வண்டுகளுக்கு என்று பெயர் சொல்லி ஒரு திட்டம் வரவேண்டும். எங்கள் ஊரிலேயே, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சஞ்சய் சானேயின் குழு பூச்சிகள் பறக்கும் விதத்தை ஆராய்கிறது. திறமைக்குக் குறைவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை (2020-21 கணக்கு) ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் வண்டு வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் கிணற்றடிச் செடிக்கு வண்டு தானாக வந்து போனது. யாரும் கவனிக்க வேண்டியிருக்கவில்லை. காரணம் கண்ணில் படாத இடத்தில் திருஷ்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் திருஷ்டி என்று விட்டுவிட்டால், வண்டை உள்ளே விடாத வலையைப் பார்க்கத் தோன்றாது.

உங்கள் பால்கனிக்கு வழி இது: காலை பத்து மணிக்குமேல், வெயில் வந்து பூ உலர்ந்தபின், வலையில் ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். ஒன்பதாவது மாடிக்கு வண்டு வராவிட்டால் பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ் போதும். பூக்காம்பின் பின்பக்கம் இரண்டு மூன்று நொடி தொடுங்கள்; பூவைத் தொடவேண்டாம். சோனிக் வகை பிரஷ் நொடிக்குச் சுமார் 260 முறை அதிரும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையின் நடு ஸட்ஜமம் 262. வண்டுகள் பூவில் பாடுவதும் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான். கறுப்புத் தாளைக் கீழே பிடித்தால் தூள் விழுவது தெரியும். மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். ஏப்ரல் வெயிலுக்கு முன்பே செய்துவிடுங்கள். பகல் 32 டிகிரியைத் தாண்டினால் தக்காளி மகரந்தம் தளர்ந்துவிடும்.

நன்றாக அதிர்ந்த பூவில் விதை அதிகம். விதை அதிகமானால் அதைச் சுற்றிய கொழகொழப்பும் அதிகம். மகரந்தம் போதாத தக்காளி உள்ளே பொள்ளலாக இருக்கும். நாவுக்கு ருசி தரும் குளுட்டமேட், சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் கூடுதல் என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே முதல் பறிப்பில் விதையை எடுத்துவிடாதீர்கள். நன்கு பழுத்த மூன்றைக் கையாலேயே பிசைந்து, நெல்லிக்காய் அளவு புளி கரைத்த நீர், உப்பு, மஞ்சள் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். மிளகு, சீரகம், நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகும் உங்கள் மிளகாயும் தாளித்துக் கொட்டி, மாமியாருக்கு முதல் டம்ளர் கொடுங்கள்.