பூட் ஆகாத டிஸ்க்கில் ‘க்ளீன்’ அடிக்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. பழைய டெஸ்க்டாப் ஒன்று கருப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று காட்டிவிட்டு நின்றிருக்கிறது. கணினி தெரிந்த உறவினர் ஒருவர் விண்டோஸ் பென் டிரைவைச் செருகியிருக்கிறார். ‘இந்த டிஸ்க்கில் எம்பிஆர் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில் மட்டும்தான் நிறுவ முடியும்’ என்று செட்டப் மறுத்திருக்கிறது. (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் பழைய முறை எம்பிஆர், புதிய முறை ஜிபிடி.) உடனே ஒரு வீடியோவைப் பார்த்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியைத் திறந்து, டிஸ்க்கை மொத்தமாகத் துடைக்கும் ‘க்ளீன்’, அடுத்து ‘கன்வர்ட் ஜிபிடி’. புது விண்டோஸ் அழகாக ஏறிவிட்டது. அப்புறம்தான் என்னிடம் வருகிறார்கள்: “குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான் சார் இருந்தது.”

அந்த டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். பேட்டரி போனதும், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் செட்டிங் எல்லாம் பழையபடி டீஃபால்ட்டுக்குப் போய்விட்டது, லெகசி என்ற பழைய முறையில் இருந்த பூட் மோடு யூஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாறிவிட்டது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது. அதை ஒரு தடவை பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். பேட்டரியை மாற்றி, லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்மை எனேபிள் செய்திருந்தால் பழைய விண்டோஸ் போட்டோக்களோடு எழுந்து வந்திருக்கும்.

“பூட் ஆகவில்லையா, ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடு.” இந்த ஒரு வாக்கியத்தால் அழிந்த கோப்புகளுக்குக் கணக்கே இல்லை. திரையில் வரும் செய்தி, விண்டோஸ் அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. நான் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறது. லெகசி முறையில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டரைப் பார்க்கும். யூஇஎஃப்ஐ முறையில் அதைச் சட்டை செய்யாது; எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்பில் இருக்கும் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷனுக்குள், பெரும்பாலும் 100 எம்பி அளவுதான், விண்டோஸ் பூட் கோப்பைத் தேடும். ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ் இன்னொரு முறையின் கண்ணில் படவே படாது. உங்கள் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை இந்த இரண்டும் இன்னும் தொடக்கூட இல்லை.

செட்டப் காட்டும் அந்த ஜிபிடி செய்தியும் அப்படித்தான். டிஸ்க் கெட்டுப்போனது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் கிளப்பியிருக்கிறீர்கள், டிஸ்க்கோ எம்பிஆர், இரண்டும் பொருந்தவில்லை என்கிறது. பூட் மெனுவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பல கணினிகளில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரியாக இருக்கும், ஒன்றின் முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று போட்டிருக்கும். எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையில்தான் செட்டப் ஓடும். ஒரு வரிதான் தெரிகிறதா? ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென் டிரைவைத் தயாரித்தபோது எந்த பார்ட்டிஷன் ஸ்கீமைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

இதன் மறுபக்கமும் வாரா வாரம் வருகிறது. புது லேப்டாப்பில் பழைய பென் டிரைவ் ஏறவில்லை என்று யாரோ லெகசிக்கு மாற்றுவார்கள், வேலை முடிந்ததும் திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பெயர் காணாமல் போயிருக்கும். திருப்பி யூஇஎஃப்ஐ வைத்தால் வந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பயாஸில் டிஸ்க்கின் மாடல் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிள், ஸ்லாட், டிஸ்க் என்று வேறு வழியில் போக வேண்டும். தெரிந்தால் பூட் மோடை மாற்றிப் பாருங்கள். ஆனால் மாற்றும் முன் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. டிஸ்க்கோடு கணினி பேசும் முறையைச் சொல்லும் சாட்டா மோடில் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருப்பதில் கை வைக்காதீர்கள், அது மாறினால் நீலத்திரையில் ‘இனாக்செஸிபிள் பூட் டிவைஸ்’ என்று புதிதாக ஒரு தலைவலி. டிஸ்க் எந்த வகை என்று தெரியாவிட்டால் டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுங்கள், ஜிபிடி பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் ஜிபிடி, இல்லையென்றால் எம்பிஆர். அதைப் பார்த்ததும் ‘எக்ஸிட்’ அடித்து வெளியே வந்துவிடுங்கள். அந்த ஜன்னலில் உங்களுக்கு வேறு வேலை இல்லை.

மோடு சரியாக இருந்தும் எழவில்லை என்றால் பூட் கோப்பு கெட்டிருக்கலாம். இங்கே எல்லோரும் பூட்டைப் பழுதுபார்க்கும் பூட்ரெக் கட்டளையில் போய் முட்டுகிறார்கள். ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ யூஇஎஃப்ஐ கணினிக்கு உதவாது, ‘ஃபிக்ஸ்பூட்’ பல நேரம் ‘ஆக்சஸ் டினைடு’ என்று துரத்திவிடும். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, பூட் கோப்புகளைப் புதிதாக எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்டுவதுதான் நேர் வழி. ரிப்பேர் சூழலில் உங்கள் சி டிரைவ் டி ஆகக் காட்டலாம், எனவே ‘விண்டோஸ்’ ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ கட்டாயம், விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் லெகசியிலிருந்து மாற வருபவர்கள் அதிகம். அதற்கும் டிஸ்க்கைத் துடைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. பேக்கப் எடுத்துவிட்டு முதலில் ‘வேலிடேட்’ கொடுங்கள். பிரைமரி பார்ட்டிஷன் நான்கு இருந்தால் அது மறுத்துவிடும், மூன்றுதான் அதன் வரம்பு. மாற்றி முடித்ததும் பயாஸிலும் யூஇஎஃப்ஐ வைக்க வேண்டும். வைக்காமல், “கன்வர்ட் பண்ணதும் செத்துப்போச்சு” என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கடைசியாக, டிஸ்க்கில் இருப்பதைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புது லேப்டாப் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு செட்டிங்கையோ பூட் மோடையோ மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே, இன்றைக்கே, அதை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். யாரிடமாவது ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, “என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.