பதினான்கு நாளில் கிழடாகும் கரைசல்

உடலுக்குள் பார்க்க உதவும் எண்டோஸ்கோப்பிக் கருவிகளைக் கிருமி நீக்க ஊறவைக்கும் கரைசலில் ஒரு பொடியைக் கலந்ததும் அது பச்சையாகிறது என்றும், நிறம் மங்காமல் இருந்தாலும் பதினான்காம் நாள் அதைக் கொட்டிவிடச் சொல்கிறார்கள் என்றும் எழுதி, ஏன் என்று கேட்டிருக்கிறார் செவிலியரான வாசகி ஒருவர்.

அந்தக் கரைசல் 2 விழுக்காட்டுக் குளுட்டரால்டிஹைடு. அதன் உறவான ஃபார்மால்டிஹைடு மூலக்கூறில், புரதத்தைப் பற்றும் கை போன்ற ஆல்டிஹைடு தொகுதி ஒன்றுதான் உண்டு. இதிலோ ஐந்து கார்பன் கொண்ட சங்கிலியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று இருக்கிறது. கிருமியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கும் அமினோ தொகுதியை ஒரு முனை பற்ற, மறுமுனை அண்டைப் புரதத்தைப் பற்றுகிறது. இப்படி எண்ணற்ற முடிச்சுகள் விழுந்ததும் நொதிகள் அசைவிழக்க, செல்சுவர் விறைத்துப்போகிறது. தோல் பதனிடுவோரும் இதே பொருளால் கொலாஜன் இழைகளைக் கட்டுகிறார்கள். உயிரோடிருக்கும் கிருமியைப் பதனிடுவதுதான் இங்கே நடப்பது.

அமில நிலையில் அமினோ தொகுதி ஒரு புரோட்டானைச் சுமந்திருப்பதால், பிணைப்புக்கு வேண்டிய எலக்ட்ரான் இணை அடைபட்டுக் கிடக்கிறது. பொடியிலுள்ள சோடியம் பைகார்பனேட்டைக் கலந்து, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பை 7.5 முதல் 8.5 வரை உயர்த்தும்போது, புரோட்டான் கழன்ற தொகுதிகள் பல மடங்கு பெருகுகின்றன. பச்சை நிறமோ பொடியோடு சேர்த்த சாயம் மட்டுமே. ஆனால் அதே காரம் குளுட்டரால்டிஹைடு மூலக்கூறுகளை ஒன்றோடொன்றும் கோத்துவிடுகிறது. கிருமியைப் பிடிக்க வேண்டிய கைகள் தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்ள, கரைசல் நாளுக்கு நாள் வலுவிழக்கிறது. ஈரக் கருவிகளோடு வரும் நீரும் அதை நீர்க்கச் செய்வதால், தேதியை மட்டும் நம்பாமல் சோதனைத் தாளாலும் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டும் குணம் இரத்தக் கறையையும் கருவியோடு ஒட்டவைத்துவிடும் என்பதால், முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். புதுக் கரைசல் வாங்கக் கிடைக்கும் பணம் ஒரு நல்ல தூரிகைக்கும் ஓடும் நீருக்கும் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

செவிலியரின் மூக்குச் சவ்வும் புரதம்தான். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அப்படியிருந்தும், பெர்மாங்கனேட்டில் ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசலான ஃபார்மலினை ஊற்றி அறுவை அரங்கைப் புகையூட்டும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் ஒழியவில்லை. அதை நான் சாம்பிராணி போடுவதோடுதான் சேர்ப்பேன். குளுட்டரால்டிஹைடின் ஆவி ஆஸ்துமாவையும், நீர்மம் தோல் அழற்சியையும் வருவிக்கும். காற்றில் பத்துக் கோடிப் பங்குக்கு 5 பங்கைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் வகுத்த வரம்பு. சாதாரண இரப்பர் கையுறையையும் அது ஊடுருவும். நைட்ரைல் கையுறையே தகும்.

குளுட்டரால்டிஹைடுக்கு மாற்றாக 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்த்தோ தாலால்டிஹைடுக்குப் பொடி வேண்டாம், நெடியும் குறைவு, 0.55 விழுக்காட்டுக் கரைசலில் 12 நிமிடம் போதும். விதைத்துகள்களாக உறங்கும் பாக்டீரியாக்களிடம் மட்டும் அது தடுமாறும். நெடியில்லையே என்று வெறுங்கையால் தொட்டால் விரல் சாம்பல் நிறமாகும். அங்கேயும் புரதம்தான் கட்டுண்டிருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக அடிக்கடி உள்நோக்கிச் சோதனை செய்துகொண்ட சிலருக்கு, கருவியில் எஞ்சிய இந்தக் கரைசலால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதால், அவர்களுக்கான கருவிகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.