காட்டுச் சரளைப் பாதையில் சைக்கிள்: எங்கே ஓட்டலாம், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

சிங்கப்பூரில் கார், லாரி இடைஞ்சல் இல்லாமல் மரங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்ட யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். சாதாரண சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, உரிமம் கிடையாது, கீழே சொல்லும் காட்டுப் பாதைகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. குடியுரிமை உள்ளவருக்கு என்ன உரிமையோ அதேதான் வொர்க் பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதி அட்டையில், இருப்பவருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "நம்மளையெல்லாம் அங்க விடமாட்டாங்கண்ணே" என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடுதிக்குள்ளேயே கிடக்கும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டுப் போய், தெரியாமல் ஒரு கிளைப்பாதையில் திரும்பி, ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடக்கூடிய அபராதத்தை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. காடும் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் எந்த வண்டி என்ன வேகத்தில் போகலாம் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் பார்த்துக்கொள்கிறது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. அவ்வளவுதான்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இயற்கை வனக் காப்பகம் என்றால் சைக்கிள் கூடாது, இயற்கைப் பூங்கா என்றால் கூடும் என்று பலர் கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. புக்கிட் தீமா வனக் காப்பகம்தான். ஆனால் அங்கே சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு மலை சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். வின்சரும் தாம்சனும் இயற்கைப் பூங்காக்கள். அவற்றின் நடைப்பாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. மெக்ரிச்சி காட்டுப் பாதைகளிலும் சுங்கை பூலோவிலும் அதே கதைதான். செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டேர். அங்கே நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. தடம் மாறி நடப்பவர்களின் பாதையில் ஏறிவிட்டால், சைக்கிளுக்குப் பேர்போன அந்தப் பூங்காவுக்குள்ளேயே நீங்கள் விதியை மீறியவர் ஆகிவிடுவீர்கள். ஆகவே காட்டின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இறங்கப்போகும் அந்தப் பாதையின் வாயிலில் சைக்கிள் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ரெயில் காரிடார். மலாயா ரயில் ஓடிய நிலம், 2011 ஜூலையில் சிங்கப்பூர் கைக்கு வந்தது. வடக்கே உட்லண்ட்சிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் பக்கம் வரை 24 கிலோமீட்டர். ரயில் போன தடம் என்பதால் பெரிய ஏற்றம் கிடையாது. நடப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள், அவர்களுக்கு வழி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். அடுத்தது பொங்கோல் பக்கம் இருக்கும் கோனி தீவின் முதன்மைப் பாதை. புலாவ் உபினுக்கு சாங்கி படகுத்துறையிலிருந்து போகலாம். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் காசு. அங்கே கெத்தாம் மலை சைக்கிள் பூங்காவில் கடினமான தடம் என்று காட்டும் கறுப்பு வைரக் குறி போட்ட தடங்களில் சாதாரணச் சந்தை சைக்கிளை இறக்காதீர்கள். பிரேக் பிடித்தும் நிற்காது.

இனி அதிகம் பேர் மாட்டும் இடம். கைப்பேசி வரைபடத்தில் காட்டுக்குள் ஒரு புள்ளிக்கோடு தெரியும். யாரோ ஓட்டிப் பதிவு செய்து ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலியில் போட்ட வழியும் தெரியும். அதை நம்பிப் போனால், பாதை முனையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு கயிறு தொங்கும். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் சின்னப் பலகை. சைக்கிள் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கும், பாதியைப் பெரணி இலை மூடியிருக்கும். கீழே சேற்றில் டயர் தடம் பளிச்சென்று தெரியும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வனக் காப்பகத்தில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் போடலாம். "பலகை சரியாகத் தெரியவில்லை" என்பதை அங்கேயே நின்று படம் எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிற்பாடு பேச முடியும். வாயால் சொன்னால் எடுபடாது. ஆனால் துப்பாக்கி ஏந்திய உருவம் போட்டு நான்கு மொழியிலும் எழுதிய பலகை வந்தால் படமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட பகுதி.

நேரமும் கவனம். புக்கிட் தீமா, செஸ்ட்நட், கோனி தீவு எல்லாம் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுபவை. வேலை முடிந்து ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தால் பயனில்லை. பலத்த மழைக்குப் பிறகு மலை சைக்கிள் பாதையை மூடிவிடுவார்கள். வாயிலில் மூடியிருப்பதாகப் பலகை இருந்தால் வெயில் அடித்தாலும் இறங்கக் கூடாது.

உணவு விநியோகம் செய்பவர்களிடம் மின்சைக்கிள் இருக்கும். அதைக் காட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதற்கு ஆரஞ்சு முத்திரை, பதிவு எண், எழுத்துத் தேர்வுத் தேர்ச்சி எல்லாம் வேண்டும்; இருந்தாலும் சாலையிலும் சைக்கிள் பாதையிலும்தான் இடம். நடைபாதையில் ஏறினாலே முதல் முறைக்கு 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாடகைப் பகிர்வு சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. கியூஆர் குறி உள்ள இடத்தில் நிறுத்தி ஸ்கேன் செய்யாவிட்டால் 5 வெள்ளி பிடிப்பார்கள். ஆண்டில் மூன்று முறை ஆனால் எல்லா நிறுவனத்திலும் தற்காலிகத் தடை. காட்டு வாசலில் அந்தக் குறியை எதிர்பார்க்காதீர்கள். சொந்த சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாமா என்றால், மடக்கும் சைக்கிள் மட்டும்தான். மற்றவர்கள் சைக்கிள் பாதையிலோ சாலையிலோ ஓட்டித்தான் போக வேண்டும். சாலையில் தலைக்கவசம் கட்டாயம்.

சரி, அபராதம் வந்துவிட்டது. என்ன செய்வது? காட்டுக்குள் எந்த அதிகாரியும் கையில் காசு வாங்கமாட்டார். யாராவது கேட்டால் அவருடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பணம் கட்டச் சொல்லி இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அனுப்புநர் பெயரைப் பாருங்கள், 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலான அரசு அமைப்புகளின் குறுஞ்செய்தி "கவ்.எஸ்ஜி" (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வரும். 2,000 வெள்ளி என்பது உச்சவரம்பு, எல்லோருக்கும் அவ்வளவு வராது.

உண்மையான ஆபத்து கடிதத்தில் இருக்கிறது. கடிதம் உங்கள் பதிவு முகவரிக்குப் போகும். நீங்கள் விடுதி மாறியிருப்பீர்கள். முதலாளி மனிதவள அமைச்சின் கணக்கில் முகவரியை மாற்றியிருக்கமாட்டார். மாறிய 5 நாளுக்குள் மாற்ற வேண்டியது அவர் கடமை. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் பழைய விடுதியின் அலுவலக மேசையில் கிடந்தே போயிற்று. கெடு தாண்டினால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், அன்றைக்கு வராவிட்டால் பிடியாணை. ஒரு சின்ன அபராதம் இப்படித்தான் பெரிய குற்றமாக வளர்கிறது. அதிகாரி உங்கள் விவரம் எழுதும்போதே இப்போதைய முகவரியைச் சொல்லுங்கள், அவர் எழுதினாரா என்று பாருங்கள், முதலாளியிடமும் அன்றைக்கே முகவரியை மாற்றச் சொல்லுங்கள்.

விழுந்து அடிபட்டாலும் இதே அலைக்கழிப்புதான். "லீவு நாளில் விழுந்தாய், உன் காசில் பார்த்துக்கொள்" என்று சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். வேலையிடக் காய இழப்பீடு இதற்குக் கிடைக்காது, அது உண்மை. ஆனால் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி தனி. 2023 ஜூலையிலிருந்து அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 60,000 வெள்ளி. மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒரே நாள் அறுவைச் சிகிச்சைக்கும் பொருந்தும், வேலையில் ஏற்பட்ட காயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது: தையல் போட்டு அனுப்பிவிடும் சிறு காயம் இதில் வராது. விடுதியில் இருப்பவர்கள் அதற்கு அவசரப் பிரிவுக்கு ஓடாமல், தங்கள் அடிப்படை மருத்துவத் திட்டத்துக்கான மருத்துவ நிலையத்துக்குப் போவது நல்லது. எலும்பு முறிந்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கே போங்கள், செலவைக் காப்புறுதி ஏற்கும் என்ற கடிதத்தை முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும்.

பாதையில் மரம் விழுந்திருந்தாலோ மழை பள்ளம் பறித்திருந்தாலோ ஒவ்வோர் அலுவலகமாகக் கூப்பிடாதீர்கள். பூங்காவுக்கு ஓர் அமைப்பு, கால்வாய் ஓரத்துக்கு இன்னொன்று, வெற்று அரசு நிலத்துக்கு மூன்றாவது. ஒரு நண்பர் கூப்பிட்டபோது முதலாமவர் இரண்டாமவரைக் கைகாட்ட, இரண்டாமவர் திரும்ப முதலாமவரையே காட்டினார். பள்ளம் அப்படியே இருந்தது. அரசின் புகார்ச் செயலியான ஒன்சர்வீஸில் படமும் இடக்குறியும் போட்டு அனுப்புங்கள். யாருடையது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. வரும் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பதில் வராவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.