பங்கு வேறு, துண்டு வேறு: மலையகக் காணியைப் பிரித்து உறுதி எழுதுவது எப்படி?

தகப்பன் விட்டுச்சென்றது ஒரு றூட் காணி, அதாவது 40 பேர்ச்சஸ். பிள்ளைகள் நால்வர். ஆளுக்குப் பத்துப் பேர்ச்சஸ் என்று பேசி வேலியும் போட்டு வாழும் குடும்பங்கள் பண்டாரவளையிலும் கம்பளையிலும் ஏராளம். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும். உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், இருப்பது ‘பிரிக்கப்படாத நான்கில் ஒரு பங்கு’. முழுக் காணியிலும் நால்வருக்கும் உரிமை உண்டு. எந்த மூலை யாருடையது என்று எந்தப் பத்திரமும் சொல்லாது.

பங்கைத் துண்டாக்க முதலில் பழைய உறுதியின் அட்டவணைப் பகுதியைத் தேடிப் படியுங்கள். காணியின் பெயர், கிராமம், மாவட்டம், துண்டு இலக்கம், வரைபட இலக்கம், அதை வரைந்த நில அளவையாளரின் பெயர், திகதி, நான்கு எல்லைகள், பரப்பளவு எல்லாம் அங்கேதான் இருக்கும். எல்லைகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘வடக்கே ஓடை, கிழக்கே தேயிலை நிரை’ என்று எழுதியிருப்பார்கள். ஒரு மண்சரிவு வந்தால் ஓடையே இடம் மாறிவிடும். வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் மாறுவதில்லை. காணி உரித்தை அரசே பதிவுசெய்யும் பிம் சவிய திட்டத்தில், அதாவது 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உரித்துப் பதிவான காணிகளுக்கும் வரைபட இலக்கமும் துண்டு இலக்கமுமே அடையாளம்.

அடுத்து காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி எடுங்கள். ஈடு, வழக்கு ஏதும் இருந்தால் அதில் தெரியும். பிறகு அனுமதி பெற்ற நில அளவையாளர் பிரிவு வரைபடம் வரைவார். பின்துண்டுகளுக்குப் போகும் பாதைக்கும் அதே 40 பேர்ச்சஸில்தான் இடம் விட வேண்டும். ஆகவே பத்து பத்தாக வராது. இதை அண்ணன் தம்பிகள் முன்னரே பேசிக்கொள்வது நல்லது. பிரிவுக்குப் பிரதேச சபையின், நகரமென்றால் நகர சபை அல்லது மாநகர சபையின், அங்கீகாரம் தேவை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் கேட்பார்கள். இதை வீண் அலைச்சல் என்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளைகள் உறங்கப்போகும் சரிவு அது.

பின்னர் நொத்தாரிசு முன், இரு சாட்சிகளுடன், எல்லோரும் பாகப்பிரிவினை உறுதியில் கையொப்பமிட்டுப் பதிய வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இந்த வழி அடைபடும். மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றத்தில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரிவினை வழக்கு. அது வருடக்கணக்கில் இழுக்கும்.

சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அரச அளிப்புக் காணிகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. எவ்வளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று அளிப்புப் பத்திரமே சொல்லும். பிரதேச செயலாளரின் முன் அனுமதியும் வேண்டும்.

தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது. கம்பனிகள் 1992 முதல் அவற்றைக் குத்தகைக்கே வைத்திருக்கின்றன. தோட்ட நிர்வாகம் தரும் கடிதம் உறுதி ஆகாது. தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவர்கள், கையில் தரப்படும் பத்திரத்தில் துண்டு இலக்கம், வரைபட இலக்கம், காணிப் பதிவகப் பதிவு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று வாங்கும் அன்றே பாருங்கள். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.